பாறைக்குள் ஒளிந்து வந்தவை

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவது மீனும் பவளமும். காசு கொடுக்காமலே வீடு வந்து சேர்பவை அவற்றைவிடப் பல மடங்கு. பவளத் துண்டின் அடியில், சிப்பியின் ஓட்டு மடிப்பில், எல்லாவற்றுக்கும் மேலாக ‘லைவ் ராக்’ என்று கடையில் கேட்டு வாங்கும் கல்லின் பொந்துகளில் அவை ஒளிந்திருக்கும். கல்லை வைத்த முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பொந்திலிருந்து இழை இழையாக ஏதோ நீண்டு மணலைத் துழாவிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும். கல்லுக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். இது என்ன, இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்ற கவலை அங்கே தொடங்குகிறது.

இந்தக் கவலைக்குப் பலரும் எதிர்பார்க்கும் பதில் நல்லதா, கெட்டதா என்பது மட்டும்தான். அந்த அவசரம் தவறு என்றே நினைக்கிறேன். ஒட்டி வந்தவற்றில் பெரும்பாலானவை மீன் தின்னாமல் விட்ட இரையையும் பாசியையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை. பெயர் தெரியும் முன்பே இடுக்கியை எடுப்பதால், பல நேரங்களில் வேலைக்காரர்களைத்தான் கொல்கிறோம். அடையாளம் காண்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் உடலமைப்பு, அடுத்து நடத்தை, கடைசியில்தான் பெயர்.

கல்லிலிருந்தே தொடங்கலாம். அது இறந்த பவளங்களின் சுண்ணாம்புக் கூடு. அலையிலும் புயலிலும் உடைந்து கடலடியில் கிடக்கும்போது இளஞ்சிவப்பும் ஊதாவுமான சுண்ணாம்புப் பாசி அதன்மேல் படரும். துளைகளுக்குள் பாக்டீரியாவிலிருந்து நண்டு வரை குடியேறும். முன்பெல்லாம் தொட்டியில் வைக்கும் பவளக் கூட்டை வெளுத்து, கிருமி நீக்கி, வெள்ளை வெளேரென்று வைப்பதுதான் வழக்கம். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் அதற்கு நேர்மாறாகச் செய்தார். உயிர் நிறைந்த கல்லை அப்படியே கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழி மட்டும் விட்டு, மீனையும் பவளத்தையும் வளர்த்துக் காட்டி 1961-ல் அதைப் பற்றி எழுதினார். கல்லின் மேற்பரப்பில் உள்ள பாக்டீரியாக்கள் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன; ஆக்சிஜன் எட்டாத உட்புறத்தில் இருப்பவை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்த வசதிக்காகத்தான் கல்லை வாங்குகிறோம். கூடவே வருபவற்றை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

எத்தனை வரும்? 2011-ல் வெளியான ஓர் ஆய்வு நல்ல அளவுகோல். மூன்று பெருங்கடல்களின் பவளத்திட்டுகளிலிருந்து, மொத்தமாகக் கூட்டினால் வெறும் 6.3 சதுர மீட்டர் வரும் மாதிரிகளை எடுத்து, நண்டு, இறால் வகைக் கணுக்காலிகளை மட்டும் டிஎன்ஏ முறையில் எண்ணினார்கள். 525 இனங்கள் இருந்தன. அவற்றில் 38 சதவீதம் ஒரே ஒரு முறைதான் கண்ணில் பட்டவை. சின்ன அறையின் தரையளவு இடத்தில், ஒரே ஒரு விலங்குக் கூட்டத்தின் கணக்கு இது. புழுக்களையும் நத்தைகளையும் அவர்கள் எண்ணவே இல்லை. அதனால் தொட்டியில் கண்ட ஒன்றுக்கு இனப்பெயர் கிடைக்காமல் போனால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எந்தத் தொகுதி, எந்தக் குடும்பம் என்பதுவரை போனாலே முடிவெடுக்கப் போதும்.

பள்ளி விலங்கியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்த துளையுடலி, குழியுடலி, வளைதசைப்புழு, கணுக்காலி, மெல்லுடலி, முட்தோலி என்ற வரிசை முழுவதும் ஒரு கல்லில் வரும். பார்க்க வேண்டியவை சில. உடல் ஒரு மையத்தைச் சுற்றி அமைந்திருக்கிறதா, இடம் வலம் என்று இரண்டு பக்கம் இருக்கிறதா? கண்டம் கண்டமாகப் பிரிந்திருக்கிறதா? கால்களில் மூட்டு உண்டா? இருந்த இடத்திலேயே இருக்கிறதா, நகர்கிறதா? உதாரணத்துக்கு, கண்ணாடியோரம் ஓடும் பூச்சி போன்றவற்றில் ஆம்பிபாடின் உடல் பக்கவாட்டில் நசுங்கியிருக்கும். ஐசோபாடின் உடல் மேலிருந்து கீழாகத் தட்டையாக இருக்கும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதிக் கவலை தீரும். ஆம்பிபாடுகள் மீனுக்கு நல்ல இரை. ஐசோபாடுகளிலும் பல சாதுவானவை. ஆனால் சிரோலானிட் என்ற குடும்பத்தில் பெரிய கண்களும் வேகமான நீச்சலுமாக மீனின் உடலில் ஏறிக் கடிப்பவை உண்டு. அவற்றை விட்டுவைக்கக் கூடாது.

பார்க்கும் நேரம் ராத்திரிதான். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் நல்லது. பவளத்திட்டு உயிர்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாததால் அவை பதுங்காமல் தம் வேலையைப் பார்க்கும்.

மணலைத் துழாவிய அந்த இழைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து கற்றையாகப் புறப்பட்டால் அது டெரபெல்லிட் புழு. இழைகள் அனைத்தும் தலையிலிருந்தே வளர்பவை. உடல் நெடுகப் பல இடங்களிலிருந்து கிளம்பினால் சிராடுலிட் புழு. இரண்டும் மணலில் படியும் துகளைப் பொறுக்கித் தின்பவை; தொந்தரவே இல்லாதவை. இழைக்குப் பதிலாகக் கல்லில் ஒட்டிய வெள்ளைக் குழாய் தெரிந்தால் அதன் வாயைக் கவனிக்க வேண்டும். இறகு விசிறி விரிந்து மூடினால் அது குழாய்ப்புழு. விசிறி இல்லாமல், சிலந்தி நூலைப் போன்ற கோழை இழை நீரில் அலைந்தால் அது வெர்மெட்டிட் நத்தை. பிறக்கும்போது மற்ற நத்தைகளைப் போலச் சுருண்ட ஓடு. பிறகு கல்லோடு ஒட்டிக்கொண்டு குழாயாக நீளும். கோழை வலையை விரித்து, அதில் சிக்கிய துகளோடு சேர்த்து வலையையே விழுங்கும். அந்த வலை பக்கத்துப் பவளத்தின்மேல் படிந்தால் பவளத்தின் வாய்கள் விரியாமல் சுருங்கிக்கொள்ளும். குழாயின் வாயில் ஒரு சொட்டு பசை வைத்து மூடிவிடுவதே பலர் செய்யும் வழி. தொட்டிக்கு வந்ததைப் போலவே, கடலிலும் இவை வேறிடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. அமெரிக்காவின் கீ வெஸ்ட் அருகே செயற்கைத் திட்டாக 2009-ல் மூழ்கடிக்கப்பட்ட வாண்டன்பர்க் என்ற கப்பலின் உடலில் புதிய வெர்மெட்டிட் இனமொன்று மண்டிக் கிடந்தது. 2017-ல் அதற்குத் தைலகோடஸ் வான்டியென்சிஸ் என்று கப்பலின் செல்லப்பெயரையே வைத்தார்கள். அதன் நெருங்கிய உறவுகள் பசிபிக் பக்கம் இருப்பவை.

அடுத்து, எல்லோரையும் பயமுறுத்தும் புழுக்கள். உடலின் இரு பக்கமும் வெள்ளை மயிர்க் கற்றைகளோடு கல்லிலிருந்து கல்லுக்கு ஊரும் சிவந்த புழு, பெரும்பாலும் செத்ததைத் தின்னும் துப்புரவாளர். வெறுங்கையால் தொட்டால் அந்தச் சுண்ணாம்பு முட்கள் தோலில் முறிந்து நாள்கணக்கில் எரியும். கையுறை போட்டுக்கொண்டால் போதும். கரீபியக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் உள்ள ஹெர்மோடிஸ் என்ற நெருப்புப்புழு பவளத்தையே மேய்வது. உடல் நெடுகச் சிவந்த செவுள் கொத்துகள் இருப்பது அதன் அடையாளம். யூனிசிட் என்ற இன்னொரு கூட்டம் உண்டு. வானவில் போல மினுங்கும் உடல், தலையில் ஐந்து உணர்கொம்பு, உள்ளே மடித்து வைத்த வலுவான தாடைகள். தலையை மட்டும் வெளியே நீட்டிவிட்டு உடனே பின்வாங்கும்.

இங்கிலாந்தின் நியூகீ நகரிலுள்ள புளூ ரீஃப் மீன் காட்சியகத் தொட்டியில் நடந்தது இந்தப் பதுங்கலுக்கு நல்ல சான்று. பவளங்கள் வெட்டுப்பட்டன, மீன் ஒன்று காயப்பட்டது, குற்றவாளியைக் காணோம். பொறி வைத்தால் பொறியே பிய்ந்து கிடந்தது. 2009-ல் ஊழியர்கள் தொட்டியின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது நான்கடி நீளப் புழு அகப்பட்டது. குட்டியாக ஏதோ ஒரு கல்லில் வந்து, ஆட்கள் தினமும் புழங்கும் தொட்டியில் யார் கண்ணிலும் படாமல் அவ்வளவு வளர்ந்திருக்கிறது. அவர்கள் அதைக் கொல்லவில்லை. பாரி என்று பெயர் வைத்துத் தனித் தொட்டியில் விட்டார்கள்.

‘டக்’ சத்தத்துக்கு இரண்டு பேர் மேல் சந்தேகப்படலாம். ஒன்று துப்பாக்கி இறால். பெரிய கொடுக்கை அது படாரென்று மூடும்போது நீர் பீறிட்டு, நடுவே ஒரு வெற்றிடக் குமிழி உருவாகி நொறுங்குகிறது. சத்தம் கொடுக்குகள் மோதுவதால் வருவதில்லை, அந்தக் குமிழி நொறுங்குவதால் வருகிறது என்று 2000-ஆம் ஆண்டில் அதிவேகக் கேமரா காட்டியது. இது தொட்டிக்கு அநேகமாகக் கேடு செய்யாது. இரண்டாவது மாண்டிஸ் இறால். முன்காலை முஷ்டியாக மடக்கி நத்தை ஓட்டையும் நண்டையும் அடித்து உடைக்கும். மயில் மாண்டிஸ் இறாலின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. சத்தத்தோடு உடைந்த ஓடுகளும் கிடந்தால், மீன் காணாமல் போனால், இதுதான். கல்லை வெளியே எடுத்து, சந்தேகமான பொந்தில் சோடா தண்ணீரை ஊற்றினால் ஓடி வந்துவிடும். வந்ததைச் சிறு தொட்டியில் தனியாக வளர்க்கும்படி உண்மையாகவே வேண்டுகிறேன். தனித்தனியே சுழலும் இரண்டு கண்களும், பதினாறு வரை ஒளியுணர் செல் வகைகளும் கொண்ட விலங்கு அது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் கால்ட்வெல், கல்லோடு வந்த மாண்டிஸ் இறால்களைத் தொட்டி வைத்திருப்பவர்கள் இனம் காண்பதற்கென்றே ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவர்.

நண்டுகளில் கொடுக்கின் முனை பேசும். கரண்டி போலக் குழிந்திருந்தால் பாசியைச் சுரண்டித் தின்பது. கூராக, கறுத்து, உடலெல்லாம் மயிராக இருந்தால் நம்ப வேண்டாம். இந்த விதிக்கு விலக்கும் உண்டு. கிளைவிட்ட பவளத்தின் நடுவில் வழவழவென்று, பளிச்சென்ற நிறத்தில் ஒட்டியிருக்கும் சின்ன நண்டு அநேகமாக டிரபீசியா. அது பவளத்தின் கோழையைத் தின்று வாழும். பதிலுக்குக் கிளையிடுக்கில் படியும் மண்ணைத் தள்ளும். பவளந்தின்னி முள் நட்சத்திர மீன் ஏறினால் அதன் காலைக் கிள்ளி விரட்டும். கடலில் இந்த நண்டுகளை எடுத்துவிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பவளங்கள்தான் பாதிக்கப்பட்டன. பவளத்தோடு வந்த நண்டைப் பிடுங்கி எறிவது, வீட்டுக் காவலைத் துரத்துவது.

கண்ணாடியில் ஒட்டும் நகமளவு நட்சத்திர மீன்களுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று இருந்தால் அஞ்ச வேண்டாம். உடலை இரண்டாகப் பிளந்து பெருகும் வகை அது. பாதியிலிருந்து புதிய கைகள் முளைப்பதால் அந்தக் கோணல். பெரும்பாலும் பாசிப் படலம் தின்னும்.

ஐப்டேசியாவுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொட்டிக்காரர்கள் அதிகம் சபிக்கும் உயிர் இதுதான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம், ஒளி ஊடுருவும் பழுப்பு உடல், தட்டின் விளிம்பில் நீண்ட உணர்கொம்புகளும் அவற்றிடையே குட்டையானவையும். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் போய்விடும். சின்னக் கடல் சாமந்தி. ஆனால் பக்கத்திலிருக்கும் பவளத்தைக் கொட்டியே பின்னுக்குத் தள்ளும். சுரண்டி எடுப்பதுதான் இங்கே பெரிய தவறு. நகரும்போதே பாதத்திலிருந்து துணுக்குகளை உதிர்த்துவிட்டுப் போகும், ஒவ்வொரு துணுக்கும் முழு உயிராக வளரும். அப்படிப்பட்டதைக் கத்தியால் கிழித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தை இதை மட்டுமே தின்னும்; தின்ற சாமந்தியின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் முதுகு நீட்சிகளில் சேமித்துத் தனக்கே ஆயுதமாக வைத்துக்கொள்ளும். பெப்பர்மின்ட் இறாலும் தின்னும். ஆனால் கடையில் அதே பெயரில் சில நேரம் ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுவார்கள். முதுகு கூன் விழுந்து உயர்ந்திருந்தால் அது ஒட்டக இறால். அது பவளத்தையே கொறிக்கும்.

ஐப்டேசியா என்ற இந்தச் சனியனைத்தான் உலகின் பெரிய பவள ஆய்வகங்கள் ஊட்டி வளர்க்கின்றன. பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரிக்கும் நுண்பாசி வகை ஐப்டேசியாவுக்குள்ளும் இருக்கிறது. கடல் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. வெளுத்த பவளம் நெடுநாள் தாங்காது. ஐப்டேசியாவோ பாசி இல்லாமலும் இரை கொடுத்தால் உயிர் வாழும். வெளுக்கவைத்து, மறுபடி பாசியைக் குடியேற்றி, அந்தக் கூட்டுறவு எப்படித் தொடங்குகிறது, எப்படி முறிகிறது என்று படிப்படியாகப் பார்க்க முடிகிறது. அதன் மரபணுத் தொகுதி 2015-ல் வெளியானது.

தொட்டிக் கண்ணாடி விலங்கியலுக்குக் கொடுத்த மிகப் பெரிய பரிசு இன்னும் பழையது. 1883-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்ஸே, பல்கலைக்கழகக் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டி நகர்ந்த சில மில்லிமீட்டர் அகல உயிரைக் கண்டார். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. கல்லில் ஊற்றிய தோசைமாவைப் போல விளிம்பு ஓடி ஓடி மாறியது. வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பும் தசையும் இல்லை. பாசியின்மேல் படுத்து, அடிப்பக்கத்தாலேயே செரித்து உறிஞ்சியது. டிரைக்கோபிளாக்ஸ் என்று பெயரிட்டார். 1907-ல் இன்னொருவர், இது தனி விலங்கே இல்லை, ஒரு குழியுடலியின் இளம்பருவம் என்று எழுதிவிட்டார். அறிஞர்கள் நம்பினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கார்ல் கிரெல் அதன் முட்டை வளர்ச்சியையும் செல்களையும் ஆராய்ந்து, 1971-ல் பிளாக்கோசோவா என்ற தனித் தொகுதியையே இதற்காக ஏற்படுத்தினார். 2008-ல் மரபணுத் தொகுதியைப் படித்தபோது ஏறக்குறைய 11,500 மரபணுக்கள் இருந்தன. நரம்பே இல்லாத இதில், மற்ற விலங்குகளின் நரம்பு வேலைக்கு உதவும் புரதங்களுக்கான மரபணுக்களும் இருந்தன. தவறான அடையாளம் ஒரு தொகுதியையே அத்தனை காலம் மறைத்துவைத்தது. இன்றும் ஆய்வாளர்கள் கடலில் கண்ணாடித் தகடுகளைத் தொங்கவிட்டுத்தான் இவற்றைப் பிடிக்கிறார்கள்.

உயிருக்கே ஆபத்தான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பொத்தான் போன்ற முகங்களோடு கூட்டமாகப் படரும் சோவாந்திட் உயிர்களில் பாலித்தோவா என்ற வகை சில நேரம் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சை வைத்திருக்கும். எந்தக் கூட்டம் நஞ்சுள்ளது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வேண்டாத உயிர்களைக் கொல்ல யாராவது கல்லைக் கொதிக்க வைத்தால், வெந்நீர் ஊற்றினால், அழுத்தமாகத் தேய்த்தால், நஞ்சு ஆவியிலும் தெறிக்கும் துளியிலும் கலந்து மூச்சு வழியே போகும். காய்ச்சல், நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல் என்று வீட்டில் எல்லோரும் மருத்துவமனைக்குப் போக நேரும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை நேர்ந்த இத்தகைய பாதிப்புகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. கல்லை ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

தொட்டியிலிருந்து எடுத்ததைக் கடலில் விடுவதும் கூடாது. 1984-ல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, தொட்டிகளில் வளர்க்கும் காலெர்பா என்ற பாசி ஒரு சதுர மீட்டர் அளவுக்குத்தான் இருந்தது. சில ஆண்டுகளில் மத்தியதரைக் கடலின் கரைகள் பலவற்றில் பரவியது. 2000-ல் கலிபோர்னியாவில் தலைகாட்டியபோது உடனே மூடி நஞ்சிட்டும், முற்றாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. நம் மன்னார் வளைகுடாவில், வளர்ப்புக்கெனக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். அங்கே பவளக் கல்லை எடுப்பது சட்டப்படி குற்றம். வேறு கடலின் கல்லையோ தண்ணீரையோ அங்கே கொட்டுவதும் அதே அளவு கேடு என்பேன்.

கொன்றே ஆக வேண்டும் என்று முடிவானாலும் உடலைச் சாக்கடையில் போட வேண்டாம். அளவுகோலை அருகில் வைத்து மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். நிறம் கலையும் முன் எடுக்க வேண்டும். உடலை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெடும். கல்லோ பவளமோ எந்த நாட்டிலிருந்து வந்தது, எதன்மேல் இருந்தது, எதைத் தின்றது என்று பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள், மை கரைந்துவிடும். அக்ரோபோரா பவளங்களில் வட்ட வட்டமாகக் கடித்த தடம் விட்டு, பவளத்தின் நிறத்திலேயே மறைந்து, பல தொட்டிகளை அழித்த ஒரு தட்டைப்புழுவைத் தொட்டி வைத்திருந்தவர்கள் நெடுங்காலம் பெயரில்லாமலே அறிந்திருந்தார்கள். தொட்டிகளில் கிடைத்த புழுக்களை வைத்து 2011-ல் அது அமகுசாபிளானா அக்ரோபோரே என்று விவரிக்கப்பட்டது. அப்போது கடலில் அதை யாரும் கண்டதில்லை. என்ன தேட வேண்டும் என்று தெரிந்தபின், அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் லிசார்ட் தீவில் அக்ரோபோரா கிளைகளில் அது அகப்பட்டது.